பயாஸை அப்டேட் செய்ததும் 48 இலக்க எண் கேட்பது ஏன்? லேப்டாப்பின் பாதுகாப்பு சிப் வேலை செய்யும் விதம்

“பயாஸ் அப்டேட் மட்டும்தான் பண்ணினேன். வேற எதையும் தொடவே இல்லை. இப்ப ஆன் பண்ணா, நீலத் திரையில ஏதோ 48 நம்பர் கேக்குது.”

லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு இந்தப் புலம்பல் புதிதல்ல. பாஸ்வேர்டு மறக்கவில்லை, வைரஸ் வரவில்லை, டிஸ்க்கும் கெட்டுப்போகவில்லை. ஆனால், உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ, பிஎச்டி ஆய்வேடு, கடையின் ஜிஎஸ்டி கணக்கு என எதையும் திறக்க முடியாது. அந்த எண் எங்கும் சேமிக்கப்படவில்லை என்றால், லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனமோ மைக்ரோசாஃப்ட்டோ நினைத்தாலும் திறக்க முடியாது. டிஸ்க்கை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பின்னால் இருப்பது மதர்போர்டில் சுண்டுவிரல் நகம் அளவே உள்ள ஒரு சிப். பெயர் டிரஸ்டட் பிளாட்ஃபார்ம் மாட்யூல், சுருக்கமாக டிபிஎம். விண்டோஸ் 11-க்கு இது கட்டாயம் என்று 2021-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரியவந்தது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களும் ‘நம்ம மெஷின்ல டிபிஎம் இருக்கா?’ என்று தேட ஆரம்பித்தார்கள்.

சிப் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத விஷயம். லேப்டாப் ஆன் ஆகும் முதல் சில நொடிகளில் பயாஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால்தான் அந்த சிப்பால் பயன். இல்லையென்றால் அது வெறும் சிலிக்கான் துண்டு.

கண் இல்லாத கணக்குப்பிள்ளை

டிபிஎம் என்றதும் வாசலில் நின்று வருபவர் போகிறவரை எல்லாம் சோதிக்கும் காவலாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த சிப்புக்குக் கண்ணே கிடையாது. கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்று அதனால் தானாக எட்டிப் பார்க்க முடியாது. எந்த புரோகிராமையும் தடுத்து நிறுத்தவும் முடியாது.

ஒரு பழைய காலத்துக் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது வந்து சொன்னால் எழுதிக்கொள்வார். எழுதியதை அவராலேயே அழிக்க முடியாது. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் பெட்டியைத் திறந்து சாவியைக் கொடுப்பார். சரியில்லையென்றால் எத்தனை கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். டிபிஎம் அவ்வளவுதான்.

அப்படியென்றால் கணக்குப்பிள்ளையிடம் முதலில் வந்து சொல்வது யார்? அதுதான் ஃபர்ம்வேர். நாம் இன்னும் பயாஸ் என்றே அழைக்கும், இன்றைய லேப்டாப்களில் யூஇஎஃப்ஐ என்ற வடிவில் இருக்கும் அடிப்படை மென்பொருள். பவர் பட்டனை அழுத்தியதும் புராசஸர் முதலில் ஓட்டுவது விண்டோஸையோ லினக்ஸையோ அல்ல. மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் இந்த ஃபர்ம்வேரைத்தான்.

ஃபர்ம்வேரின் ஆரம்பத் துண்டு முதலில் டிபிஎம்முக்கு ‘ஸ்டார்ட்அப்’ என்ற கட்டளையை அனுப்புகிறது. அது வராதவரை சிப் வேறு எந்தக் கட்டளையையும் ஏற்காது. அடுத்து, ஃபர்ம்வேரின் மீதிப் பகுதியை ஓட்டுவதற்கு முன்பு அதன் ‘கைரேகையை’ எடுத்து சிப்பிடம் சொல்கிறது. அந்தப் பகுதி ஓட ஆரம்பித்ததும், பயாஸ் அமைப்புகள், கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றில் உள்ள சிறு புரோகிராம்கள், பிறகு இயங்குதளத்தைத் தூக்கிவிடும் பூட்லோடர் என ஒவ்வொன்றையும் ஓட்டும் முன் கைரேகை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறது. சொல்லிவிட்டு ஓட்ட வேண்டும் என்ற இந்த வரிசைதான் முக்கியம். ஓட்டிவிட்டுச் சொன்னால், ஓடிய புரோகிராம் பொய் சொல்லிவிடலாமே!

அரைத்த மாவைப் பிரிக்க முடியாது

கைரேகை என்று சொன்னோமே, அது ஹேஷ் எனப்படும் கணக்கு. எத்தனை பெரிய கோப்பாக இருந்தாலும் எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் அதை 32 பைட் அளவுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கிவிடலாம். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும்.

டிபிஎம்முக்குள் இந்த எண்களை வைக்க 24 பதிவேடுகள் உள்ளன. ஆங்கிலச் சுருக்கத்தில் இவற்றைப் பிசிஆர் என்கிறார்கள். கொரோனா காலத்துப் பிசிஆர் டெஸ்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூட்டின்போது ஃபர்ம்வேர் பயன்படுத்தும் பதிவேடுகள் எல்லாம் லேப்டாப் ஆன் ஆகும்போது பூஜ்ஜியத்தில் தொடங்கும். அவற்றில் நேரடியாக எதையும் எழுத முடியாது. ‘ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு இந்தப் புது எண்ணையும் சேர்த்து அரைத்து, வரும் எண்ணை வைத்துக்கொள்’ என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

உளுந்தையும் அரிசியையும் சேர்த்து அரைத்த மாவிலிருந்து உளுந்தை மட்டும் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அதுபோலத்தான். இடையில் ஒரு திருட்டு புரோகிராம் நுழைந்து அதன் கைரேகையும் பதிவாகிவிட்டால், அதன்பிறகு எதைச் சேர்த்து அரைத்தாலும் பழைய சரியான எண் கிடைக்காது. மாவிலிருந்து ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: இங்கே சேர்க்கும் வரிசை மாறினாலும் முடிவு மாறிவிடும்.

எந்தப் பதிவேட்டில் எது என்பதற்கும் முறை இருக்கிறது. 0-வது பதிவேடு பயாஸின் கோடுக்கு. 1 அதன் அமைப்புகளுக்கு. 4 பூட்லோடருக்கு. 7 செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறதா, அதில் யாருடைய கையொப்பங்கள் நம்பப்படுகின்றன என்ற விவரத்துக்கு.

செக்யூர் பூட்டும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. செக்யூர் பூட் தடுக்கும். அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம் இல்லாத பூட்லோடரை ஓட்டவே விடாது. டிபிஎம் தடுக்காது. நடந்ததை எழுதிவைக்கும், சாவியைத் தருவதா வேண்டாமா என்று பிறகு முடிவெடுக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு முழுமை.

சாவி எங்கே இருக்கிறது?

விண்டோஸில் பிட்லாக்கர் என்ற வசதி டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் குறியாக்கம் செய்துவிடுகிறது. அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் சாவி டிபிஎம்மோடு கட்டிப்போடப்படுகிறது. ‘குறிப்பிட்ட பதிவேடுகளில் இன்று இருக்கும் இதே எண்கள் இருந்தால் மட்டும் சாவியைக் கொடு’ என்பது நிபந்தனை.

அதனால்தான் தினமும் நாம் எதையும் தட்டாமலேயே விண்டோஸ் திறக்கிறது. ஃபர்ம்வேர் வழக்கமான வரிசையில் வழக்கமான எண்களைச் சொல்கிறது, கணக்கு ஒத்துப்போகிறது, சிப் சாவியைக் கொடுக்கிறது. யாராவது லேப்டாப்பைத் திருடி, எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால்? அந்த மெஷினில் இருப்பது வேறு சிப். சாவி அதனிடம் இல்லை. திருடனுக்குக் கிடைப்பது புரியாத பைட்டுகள் மட்டுமே.

மதர்போர்டு பழுதாகி சர்வீஸ் சென்டரில் புது போர்டு மாற்றினால் நம் நிலைமையும் திருடன் நிலைமைதான். அந்த நேரத்துக்கு என்று வைத்திருப்பதுதான் 48 இலக்க மீட்புச் சாவி. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கட்டங்கள். ஒவ்வொரு ஆறு இலக்க எண்ணும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால், எந்தக் கட்டத்தில் தவறு என்று உடனே கண்டுபிடிப்பதற்காக இந்த ஏற்பாடு.

சரி, பயாஸ் அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பயாஸ் மாறினால் அதன் கைரேகை மாறும், 0-வது பதிவேட்டின் எண் மாறும். ஆனால், செக்யூர் பூட் சரியாக இயங்கும் லேப்டாப்பில் பிட்லாக்கர் இயல்பாகப் பார்ப்பது 7, 11 ஆகிய பதிவேடுகளை மட்டும்தான். அங்கே பயாஸ் அப்டேட் ஆனாலும் பொதுவாகப் பிரச்சினை வராது. செக்யூர் பூட் அணைத்திருந்தாலோ, ஃபர்ம்வேர் அதைச் சரியாகத் தெரிவிக்காவிட்டாலோ, விண்டோஸ் 0, 2, 4, 11 ஆகிய பதிவேடுகளை நம்பத் தொடங்கிவிடும். அப்போதுதான் பயாஸ் மாறியதும் ‘யாரோ உள்ளே கை வைத்துவிட்டார்கள்’ என்று சிப் சாவியைத் தர மறுக்கிறது. சில அப்டேட்கள் பயாஸ் அமைப்புகளையே ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. செக்யூர் பூட் ஆஃப் ஆகிவிட்டால் 7-வது எண்ணும் மாறிவிடும்.

உங்கள் லேப்டாப் இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடி, அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள். ‘பிசிஆர்7 கான்ஃபிகரேஷன்’ என்ற வரியில் ‘பவுண்ட்’ என்று இருந்தால் நல்லது. ‘பைண்டிங் நாட் பாசிபிள்’ என்று இருந்தால் பயாஸில் கை வைக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பயாஸ் சொதப்பினால்

சிப் தரமானதாக இருந்தும் பயாஸ் அதைச் சரியாகக் கையாளாத கதைகள் ஏராளம். உதாரணத்துக்குத் தூக்கம். லேப்டாப்பை மூடிவைத்ததும் ஸ்லீப் நிலைக்குப் போகிறது. எஸ்3 என்ற வகைத் தூக்கத்தில் டிபிஎம்முக்கும் மின்சாரம் நின்றுபோகலாம். எனவே தூங்கும் முன் இயங்குதளம், ‘இப்போதைய கணக்கைப் பத்திரப்படுத்திக்கொள்’ என்று சிப்பிடம் சொல்ல வேண்டும். எழுந்ததும் பயாஸ், ‘பழைய கணக்கிலிருந்தே தொடரு’ என்று சொல்ல வேண்டும். பயாஸ் எழுதியவர் இதை மறந்துவிட்டால், தூங்கி எழுந்த லேப்டாப்பில் டிபிஎம் பதில் சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டையே இருந்தது. 2018-ல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் தென் கொரிய ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். கணக்கைப் பத்திரப்படுத்தாமலேயே லேப்டாப்பைத் தூங்கவைத்தால், சில மெஷின்களில் எழுந்ததும் பதிவேடுகள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பயாஸும் அதைக் கண்டுகொள்ளாமல் மேலே போய்விடுகிறது. அழிக்கவே முடியாது என்ற பதிவேடு வெற்றுத் தாளாகிவிட்டது! அதில் ‘நல்ல’ எண்களை வரிசையாகச் சொல்லி எழுதவைத்தால் கணக்குப்பிள்ளை ஏமாந்துவிடுவார். சிப்பின் கணக்கு முறையில் தவறில்லை. தவறு எழுப்பிவிடும் முறையில். பயாஸ் அப்டேட் மூலம் இதை அடைக்க வேண்டியிருந்தது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு தலைவலி. பயாஸ் தன்னிடம் டிபிஎம் இருக்கிறது என்ற தகவலையும், பூட்டின்போது எதையெல்லாம் அளந்தோம் என்ற பட்டியலையும் இயங்குதளத்துக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அந்தத் தகவலை பயாஸ் கொடுக்கவில்லை என்றால், மதர்போர்டில் சிப் இருந்தும் ‘டிபிஎம் சிப் இல்லை’ என்றே லினக்ஸ் சொல்லிவிடலாம். பட்டியல் மட்டும் வராவிட்டால், பதிவேட்டில் உள்ள எண் எப்படி வந்தது என்று சரிபார்க்க வழியில்லை. மொத்தக் கூட்டுத்தொகை இருக்கிறது, பில் இல்லை என்பதுபோல.

குரோம்புக் காட்டும் வழி

ஃபர்ம்வேரும் சிப்பும் சேர்ந்து எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு கூகுளின் குரோம்புக் நல்ல உதாரணம். அதில் கோர்பூட் என்ற திறமூல ஃபர்ம்வேர் இருக்கிறது. அதன் ஒரு பகுதி எழுத முடியாதபடி பூட்டப்பட்டது. ஆன் ஆனதும் அதுதான் முதலில் ஓடும்.

இங்கே டிபிஎம்முக்கு முக்கியமான இன்னொரு வேலையும் உண்டு. இதுவரை ஓடிய ஃபர்ம்வேரின், கெர்னலின் பதிப்பு எண்களை சிப்புக்குள் வைத்திருப்பது. கூகுள் கையொப்பமிட்ட பழைய பதிப்பாகவே இருந்தாலும், சிப்பில் உள்ள எண்ணைவிடக் குறைந்த எண் என்றால் ஃபர்ம்வேர் அதை ஓட்டாது. ஏன் இத்தனை கறார்? பழைய பதிப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுப் புதியதில் அடைக்கப்பட்டிருக்கும். திருடன் பழையதைத் திரும்ப ஏற்றி அந்த ஓட்டை வழியாக நுழையப் பார்ப்பான். கையொப்பம் அசலானது என்பதால் கையொப்பச் சோதனை மட்டும் அவனைப் பிடிக்காது. பதிப்பு எண்தான் பிடிக்கும்.

எண்ணைச் சரிபார்த்ததும் ஃபர்ம்வேர் சிப்பில் அந்த இடத்தைப் பூட்டிவிடுகிறது. அடுத்த முறை ஆன் செய்யும்வரை இயங்குதளம் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. சிப் பதில் சொல்லவில்லை அல்லது தவறான பதில் வருகிறது என்றால் குரோம்புக் சமாளித்துக்கொண்டு ஓடுவதில்லை. நேராக ரெகவரி திரைக்குப் போய் நின்றுவிடும். பயனருக்கு எரிச்சல்தான். ஆனாலும், ‘சிப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சத்தமில்லாமல் கடந்துபோகும் ஃபர்ம்வேரைவிட இது நேர்மையானது. டெவலப்பர் மோடுக்கு மாறினால் உள்ளே இருக்கும் பயனர் தரவுகள் அழிக்கப்படுவதும் இதே கறாரின் பகுதி.

2021-ல் நடந்த கூத்து

விண்டோஸ் 11 அறிவிப்பு 2021 ஜூன் 24-ல் வந்தது. சோதித்துப் பார்த்த பலருக்கு ‘உங்கள் பிசியில் இது ஓடாது’ என்ற செய்திதான் கிடைத்தது. உடனே டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் செருகும் தனி டிபிஎம் அட்டைகளுக்கு அடிதடி. மொத்தமாக வாங்கிப் பதுக்கிப் பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் உண்டு.

வாங்கியவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. இன்டெல் 2013 வாக்கிலேயே பிடிடி என்ற பெயரில் டிபிஎம் வேலையைத் தன் சிப்செட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஏஎம்டியில் இதற்குப் பெயர் எஃப்டிபிஎம். தனி சிப் வேண்டாம், ஃபர்ம்வேரே டிபிஎம்மாக நடிக்கும். ஆனால், பல மதர்போர்டுகளில் இந்த வசதி பயாஸில் ஆஃப் நிலையில் இருந்தது. ஒரே ஒரு சுவிட்ச்! பிறகு மதர்போர்டு நிறுவனங்கள் அதை ஆன் செய்துவைத்த பயாஸ் பதிப்புகளை வெளியிட்டன. லேப்டாப் வாங்கியவர்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. 2016 ஜூலை 28 முதல் விண்டோஸ் 10 போட்டு விற்கும் புது மாடல்களில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் முன்பே விதித்திருந்தது.

ஃபர்ம்வேர் டிபிஎம்முக்கும் தொல்லைகள் உண்டு. ஏஎம்டி கம்ப்யூட்டர்களில் விளையாடும்போதோ பாட்டு கேட்கும்போதோ திடீரென ஒரு கணம் எல்லாம் உறைந்துபோவதாகப் புகார்கள் வந்தன. 2022 மார்ச்சில் ஏஎம்டி காரணத்தைச் சொன்னது. எஃப்டிபிஎம் தன் தகவல்களை பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்திருக்கிறது. அங்கே போய்வர நேரம் எடுக்கும்போது மொத்த மெஷினும் காத்து நிற்கிறது. தீர்வு? வேறென்ன, பயாஸ் அப்டேட்தான்.

இதையும் உடைத்திருக்கிறார்களா?

உடைத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஸ்டாக்ஸ்மாஷிங் என்ற பெயரில் இயங்கும் ஆய்வாளர் ஒருவர், பழைய லெனோவா லேப்டாப் ஒன்றின் பிட்லாக்கர் சாவியை 43 நொடிகளில் எடுத்துக் காட்டினார். கருவி, 10 டாலருக்கும் குறைவான ராஸ்பெர்ரி பை பிக்கோ. தனி டிபிஎம் சிப்பிலிருந்து புராசஸருக்குச் சாவி போகும் வழியில் எந்தக் குறியாக்கமும் இல்லை. அந்தக் கம்பிகளில் ஒட்டுக்கேட்டால் போதும்.

அப்போ புராசஸருக்குள் இருக்கும் டிபிஎம் பாதுகாப்பானதா? ஒட்டுக்கேட்கக் கம்பி இல்லை என்பது உண்மை. ஆனால், 2023-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்னழுத்தத்தைக் குளறுபடி செய்து ஏஎம்டி எஃப்டிபிஎம்மின் ரகசியங்களை வெளியே எடுத்தார்கள். லேப்டாப் சில மணி நேரம் கையில் இருந்தால் போதுமாம்.

தனி சிப் தயாரிப்பவர்களும் தப்பவில்லை. 2017-ல் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்ஃபினியன் நிறுவனத்தின் சிப்கள் ஆர்எஸ்ஏ சாவிகளை உருவாக்கும் விதத்தில் பலவீனம் இருப்பதைக் கண்டார்கள். ரோகா என்று பெயரிடப்பட்ட அந்தப் பலவீனம் எஸ்டோனியாவின் தேசிய அடையாள அட்டைகள்வரை பாதித்தது.

என்னைக் கேட்டால், இவற்றைவிடக் கவலைப்பட வேண்டியது 2024 ஜூலையில் வெளிவந்த பிகேஃபெயில் விவகாரம். செக்யூர் பூட்டின் ஆணிவேரான சாவியை ஒவ்வொரு நிறுவனமும் தானே உருவாக்கி ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான மாடல்களில், பயாஸ் தயாரிப்பு நிறுவனம் சோதனைக்காகக் கொடுத்த மாதிரிச் சாவியையே அப்படியே வைத்து விற்றிருக்கிறார்கள். அதன் பெயரிலேயே ‘நம்பாதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது! அந்தச் சாவி இணையத்தில் கசிந்தும் விட்டது. கம்பியில் ஒட்டுக்கேட்கத் திறமை வேண்டும். இது வெறும் அலட்சியம்.

இவற்றால் டிபிஎம் வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பஸ்ஸில் லேப்டாப்பைத் திருடுபவர் சாலிடரிங் அயனோடு வருவதில்லை. நிறுவன ரகசியம், வழக்கு ஆவணங்கள், செய்தியாளரின் தகவல்கள் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு, பூட் ஆகும் முன்பே ஒரு பின் எண் கேட்கும் வசதியை பிட்லாக்கரில் இயக்குவது நல்லது. அப்போது சிப் தானாகச் சாவியைத் தராது. ஒட்டுக்கேட்பவருக்குக் கேட்க எதுவும் இருக்காது.

சாவி கேட்கும் நாள் வரும்

சாதாரண பயனருக்குத் திருடனைவிட நெருக்கமான ஆபத்து, தன் லேப்டாப்பே தன்னை வெளியே நிறுத்திவிடுவதுதான். 2024 ஜூலை 9-ல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல கம்ப்யூட்டர்கள் காரணமில்லாமல் மீட்புச் சாவி கேட்டன. ஆகஸ்ட் அப்டேட்டில்தான் அது சரியானது. அதே ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது நினைவிருக்கும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு மெஷினையும் சேஃப் மோடில் திறக்க வேண்டியிருந்தது. அங்கே போனால் பிட்லாக்கர் சாவி கேட்டது. பழுதை நீக்கும் வேலையைவிடச் சாவியைத் தேடும் வேலை பெரிதாகிவிட்டது. 2025 மே மாதம் விண்டோஸ் 10-க்கு வந்த அப்டேட் ஒன்றிலும் சில இன்டெல் கம்ப்யூட்டர்களில் இதே கதை.

செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011-ல் வழங்கிய சான்றிதழ்களும் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. அதற்காக லேப்டாப் ஆன் ஆகாமல் போய்விடாது. ஆனால், புதுச் சான்றிதழ்கள் ஃபர்ம்வேருக்குள் ஏற வேண்டும். அதாவது 7-வது பதிவேடு பார்க்கும் இடத்திலேயே கை வைக்க வேண்டும். விண்டோஸ் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டுதான் செய்யும் என்றாலும், ஃபர்ம்வேர் குளறுபடியான மெஷின்களில் நீலத் திரை எட்டிப் பார்க்கலாம்.

‘நான் பிட்லாக்கரை ஆன் பண்ணவே இல்லையே’ என்கிறீர்களா? 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடும். பல புது லேப்டாப்களில் அதற்கு முன்பிருந்தே இப்படித்தான். சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். எந்தக் கணக்கு என்பதில்தான் சிக்கல். லேப்டாப் வாங்கிய அன்று கடையில் இருந்த பையன் அவசரத்துக்கு ஒரு புது இமெயிலை உருவாக்கி செட்டப் செய்து கொடுத்திருந்தால், உங்கள் சாவி அந்த மறந்துபோன இமெயிலில் இருக்கிறது.

எனவே லேப்டாப் நன்றாக ஓடும்போதே, பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள், சாவிக்குப் பக்கத்தில் உள்ள ஐடியோடு பொருந்த வேண்டும். பழைய லேப்டாப்களின் சாவிகளும் அதே பட்டியலில் இருக்கும் என்பதால் இது முக்கியம். பிறகு அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமித்துவைப்பது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பதற்குச் சமம்.

பயாஸ் அப்டேட் செய்யும் முன்பு, புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குப் போய் ‘சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்’ கொடுக்க வேண்டும். டிஸ்க்கின் குறியாக்கம் அப்படியே இருக்கும், சிப்பின் சோதனை மட்டும் தற்காலிகமாக நிற்கும். அடுத்த முறை விண்டோஸ் திறந்ததும் புது எண்களோடு மறுபடி பூட்டிக்கொள்ளும். லேப்டாப் நிறுவனத்தின் சொந்த அப்டேட் மென்பொருளை விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டினால், பெரும்பாலும் அதுவே இதைச் செய்துவிடும். பென் டிரைவில் போட்டு பயாஸ் மெனு வழியாக அப்டேட் செய்தால் செய்யாது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘பயாஸ்ல கை வைக்கிறதா இருந்தா முதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு வருவதில் தப்பில்லை.

ஏஎம்டி மதர்போர்டு உள்ள டெஸ்க்டாப்பில் புராசஸரை மாற்றினாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ, கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம். எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்ய ஒய் அழுத்தவும், பழைய பதிவை வைத்துக்கொள்ள என் அழுத்தவும் என்று இருக்கும். நிறைய பேர் படிக்காமலேயே ஒய்யைத் தட்டிவிடுகிறார்கள். தட்டினால் சிப்பில் இருந்த பழைய சாவிகள் போச்சு. மீட்புச் சாவி கையில் இல்லையென்றால் என் அழுத்துங்கள். பயாஸ் மெனுவில் ‘கிளியர் டிபிஎம்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்கும் இதே விதிதான். அதைத் தைரியமாக அழுத்தக்கூடிய சமயம் ஒன்று உண்டு: லேப்டாப்பை விற்கும்போது, தேவையானதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு.